நாளொன்றுக்கு 130 நிமிடம் பற்று

எஸ்டேட் ஆபீசில் செக்ரோல் (ஆள்கணக்குப் பதிவேடு) எழுதிப் பழகிய கைக்கு எதைப் பார்த்தாலும் இரண்டு பத்தியாகத்தான் தெரியும்: ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று. நீலகிரியின் தேவாலா பஜாரில் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தேன். முழங்கால் வரை சேறு, பைக்குள் நனைந்த கேன்வாஸ் ஷூ, கடைத் திண்ணைத் தூணில் சாய்ந்து நின்றபடியே கண் சொருகல். மைதானத்தில் ஓடிய களைப்பு என்று எல்லோரும் சொல்கிறோம். ஓடியது ஒரு மணி நேரம்தான். ஒரு மணி நேர ஓட்டம் பதினைந்து வயதுப் பிள்ளையை இப்படிச் சாய்க்காது.

கீழே வருவது எந்த ஒரு பிள்ளையின் டைரியும் அல்ல. இந்தப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகளின் நாளைக் கூட்டிக் கழித்து நான் போட்ட மாதிரிப் பக்கம். பத்தாம் வகுப்புப் பெண், எடை 45 கிலோ, 800 மீட்டர் ஓடுகிறாள், வீடு எஸ்டேட் தொழிலாளர் லைன். ஒரு நாளின் 1,440 நிமிடமும் இதில் வரவேண்டும், ஒரு நிமிடம் விடுபடக் கூடாது.

எழுந்து, தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பி, தானும் கிளம்ப, 5.00 முதல் 7.15 வரை: 135
நடை, பஸ் காத்திருப்பு, பஸ், 8.30 வரை: 75
ஸ்பெஷல் கிளாஸ், 9.30 வரை: 60
பள்ளி, 4.15 வரை: 405
மைதானம், 5.15 வரை: 60
திரும்பும் வழி, 6.45 வரை: 90
குளியல், சாப்பாடு, வீட்டு வேலை, கொஞ்சம் டிவி, 8.30 வரை: 105
படிப்பு, 10.30 வரை: 120
படுத்தும் தூங்காமல், போனோடும் யோசனையோடும், 11.10 வரை: 40
தூக்கம், மறுநாள் 5.00 வரை: 350

கூட்டினால் 1,440 சரியாக வருகிறது. தூக்கத்தின் பங்கு 5 மணி 50 நிமிடம்.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட அளவுப்படி 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். கீழ் அளவான 8 மணியையே வைத்துக்கொள்வோம், 480 நிமிடம். நாள் பற்று 130 நிமிடம். சனிக்கிழமையும் வகுப்பு என்பதால் ஆறு நாளுக்கு 780. ஞாயிறு ஒன்பதரை மணி நேரம் தூங்கினால் 90 நிமிடம் உபரி. வார நிகரப் பற்று 690 நிமிடம், அதாவது பதினொன்றரை மணி நேரம். ஜூலை முதல் செப்டம்பர் வரை 13 வாரம் என்றால் 149.5 மணி. எட்டு மணி நேர இரவாகப் பார்த்தால் பதினெட்டு இரவு முழுசாகக் காணோம், பத்தொன்பதாவதும் பாதிக்கு மேல் போயிருக்கிறது.

தூக்கக் கடன் ரூபாய்க் கடன் மாதிரி ஒன்றுக்கு ஒன்று திருப்பித் தரவேண்டியதல்ல. அடுத்து கிடைக்கும் இரவில் உடம்பு ஆழமாகத் தூங்கிக் கொஞ்சம் ஈடுகட்டும். அதனால் இந்த 149.5-ஐ யாரும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத்தான்.

இந்தப் பக்கத்தில் என்னை நிறுத்தியது வேறு இரண்டு எண்கள். மைதானம் 60 நிமிடம். போக வர 165 நிமிடம். ஒரு நிமிடம் ஓட இரண்டே முக்கால் நிமிடம் வழியில். சமவெளிப் பிள்ளை விடியற்காலையில் ஓடிவிட்டுப் பள்ளிக்குப் போகலாம். இங்கே ஜனவரியில் ஆறே முக்காலுக்குத்தான் சூரியன் தலைகாட்டும். அதற்கு முன் தேயிலைக்குள் யார் நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது: யானையா, சிறுத்தையா. இருட்டுவதற்குள் வீடு சேரவேண்டும் என்பதால் சாயங்காலப் பயிற்சியும் ஐந்தேகாலோடு முடிகிறது. இரு பக்கமும் இருட்டு நெருக்க, நடுவில் மிஞ்சுவது அந்த 60 நிமிடம்.

ஊரைப் பற்றி நாலு வரி. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. அதுதான் பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. இன்று மைதானத்தில் ஓடுகிறவர்களில் பலர் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். பெரட்டு (காலை ஆளெடுப்பு), பேர் (ஒரு நாள் சம்பளம்), அரைப் பேர் என்ற சிலோன் தோட்டத்துச் சொற்கள் இன்னும் இங்கே உயிரோடு இருக்கின்றன. அதற்கும் முன்னால், 1880 வாக்கில், இதே தேவாலாவில் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். ஓரிரு வருடத்தில் எல்லாம் கவிழ்ந்தது. இல்லாததை வரவில் எழுதி ஏமாந்த அனுபவம் ஊருக்கு உண்டு.

இப்போது காயக் கணக்கு.

2014-ல் வெளியான ஓர் ஆய்வு. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை விளையாடும் 112 பிள்ளைகள். இரவு 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களில் 65 சதவீதம் பேருக்குக் காயம். எட்டோ அதற்கு மேலோ தூங்கியவர்களில் 31 சதவீதம். மற்ற காரணங்களையும் கணக்கில் சேர்த்த பிறகு, குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காய வாய்ப்பு 1.7 மடங்கு. 20 பேர் கொண்ட பள்ளி அணிக்கு மாற்றிச் சொன்னால் ஒரு பக்கம் 13 பேர், மறுபக்கம் 6 பேர். வசதியான தனியார் பள்ளி அது. தூக்க நேரமும் பிள்ளைகளே சொன்னது. அந்த எண்ணை அப்படியே தூக்கிவந்து நம் மைதானத்தில் நட முடியாது. ஆனால் 2017-ல் சுவீடனில் 340 இளம் வீரர்களை வைத்துப் பார்த்தபோதும் அதே பக்கம்தான் சாய்ந்தது. வேலை நாட்களில் எட்டு மணிக்கு மேல் தூங்கியவர்களுக்குக் காய வாய்ப்பு 61 சதவீதம் குறைவு. சாப்பாடு அளவோடு கிடைத்தவர்களுக்கு 64 சதவீதம் குறைவு.

அந்த இரண்டாவது எண்ணை இங்கே யாரும் கவனிப்பதில்லை. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றில் சேர்ந்த மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. அம்மா எட்டு மணிக்குப் பெரட்டில் நிற்க வேண்டுமானால் டிபன் கட்டுவதற்கு அடுப்பு எத்தனை மணிக்கு எரிய வேண்டும் என்று பாருங்கள். ஒற்றை அறை லைன் வீட்டில் அடுப்பு எரிந்தால் எல்லோருக்கும் விடிந்த மாதிரிதான்.

கணுக்கால் லேசாகச் சுளுக்கினாலே ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஓட முடியாது. கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை கூட்டிப்போனால் அம்மாவுக்கு ஒரு பேர் போச்சு. இரண்டு தடவை என்றால் இரண்டு பேர். பள்ளி விளையாட்டோ ஏணி மாதிரி: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். குறுவட்டத்தில் அந்த ஒரு நாள் ஓடவில்லையென்றால் வருடமே போச்சு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மொத்தம் நாலு பருவம். ஒரு சுளுக்கு அதில் கால் பங்கைத் தின்றுவிடும். குறுவட்டம் வருவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவ மழையோடு. அந்த மாதங்களில் வானிலை மையத்தின் மழைப் பட்டியலில் தேவாலாவும் பந்தலூரும் சின்னக்கல்லாறும் முதல் இடத்துக்குப் போட்டி போடும். வழுக்கும் தரை, ஈரக் காலணி, ஆறு மணி நேரம்கூட இல்லாத தூக்கம். காலை எங்கே வைக்கிறோம் என்பதை மூளை கால் நொடி தாமதமாகச் சொன்னாலும் போதும்.

ஷூ ஒரு ஜோடிதான். ராத்திரி அடுப்புமேட்டில் சாய்த்துக் காயவைப்பார்கள். காலையில் தொட்டால் வெளியே சூடு, உள்ளே ஈரம். பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்தால் கொஞ்சம் உறிஞ்சும். இதற்கு ஒரு பத்து நிமிடம் என்று தனி வரி போடலாமா என்று யோசித்தேன். வீட்டு வேலையிலேயே அடங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

‘பழகிப்போச்சு சார்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். இந்தச் சொல்லுக்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் 48 பெரியவர்களை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்தார்கள். இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் 14 நாள் தூங்கவிட்ட குழுவின் கவனம், முழுசாக ஓரிரு இரவு கண்விழித்தவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. கேட்டபோது அவர்கள் சொன்னது, லேசாகத்தான் தூக்கம் வருகிறது என்று. பழகியது மனசுக்கு, உடம்புக்கு இல்லை. நம் மாதிரிப் பிள்ளைக்கு அந்த ஆறு மணி நேரமும் கிடைக்கவில்லை, பத்து நிமிடம் குறைவு.

இன்னொன்று. 17 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்கு ஈடு என்று 2000-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். ஐந்து மணிக்கு எழுந்த பெண்ணுக்கு ராத்திரி பத்தோடு 17 மணி நேரம் முடிகிறது. அதற்கு மேல் அரை மணி நேரம் அவள் இயற்கணிதம் போடுகிறாள். ஸ்கூட்டர் ஓட்டக் கூடாத தலையோடு!

தூக்கத்தைக் கூட்டினால் என்ன வரவு? 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களை ஐந்து முதல் ஏழு வாரம் தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஓட்ட நேரம் 16.2 வினாடியிலிருந்து 15.5-க்கு இறங்கியது, கூடையில் போடும் துல்லியம் 9 சதவீதம் ஏறியது. ஓட்டத்தில் 4.3 சதவீத லாபம். இதை இரண்டரை நிமிடத்தில் 800 மீட்டர் ஓடுகிற பெண்ணுக்குப் போட்டால் ஆறரை வினாடி. ஆனால் அப்படிப் போடக் கூடாது. 11 பேர், எல்லோரும் கல்லூரி ஆண்கள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. ஆறரை வேண்டாம், இரண்டு வினாடி என்றே வைத்தாலும், குறுவட்டத்தில் முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் நடுவே அவ்வளவு இருந்தால் அதிகம்.

மன அழுத்தத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று திணறினேன். நிமிடத்தில் அளக்க முடியாது. அந்த 40 நிமிடத்தில், படுத்தும் தூங்காத நேரத்தில், அது ஒளிந்திருக்கிறது.

2022-ல் என்.சி.இ.ஆர்.டி. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 3.79 லட்சம் மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், பதற்றத்துக்குக் காரணம் படிப்பும் தேர்வும் ரிசல்ட்டும்தான் என்றவர்கள் 81 சதவீதம். பத்தாம் வகுப்பில் 500 மதிப்பெண், பன்னிரண்டில் 600. 2017-18 முதல் பதினொன்றிலும் பொதுத்தேர்வு வந்தது, 2025-26-லிருந்துதான் அது போயிற்று. நடுவில் படித்தவர்களுக்கு, கொரோனாவால் விட்டுப்போனது தவிர, மூன்று வருடமும் பொதுத்தேர்வு. விளையாடும் பிள்ளைக்கு இதற்கு மேல் ஒரு சுமை உண்டு, சர்டிபிகேட். மாநில அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். எஸ்டேட் வீட்டில் அந்த 3 என்ற எண் ரொம்பப் பெரிசு. லைனை விட்டு வெளியேறும் கதவுகளில் அதுவும் ஒன்று, அது தன் காலில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 101 கால்பந்து வீரர்களை — அவர்கள் ஊர்க் கால்பந்து — வாரம் வாரமாகப் பார்த்து 2016-ல் எழுதினார்கள். தேர்வு நெருக்கும் வாரங்களில் காயத்தால் பயிற்சி குறைக்கப்படும் வாய்ப்பு சாதாரண வாரத்தைப் போல 1.78 மடங்கு. மைதானம் அதே மைதானம்தான். மாறியது தலைக்குள் இருந்த பாரம். நம் பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைப்பருவத் தேர்வும் காலாண்டும் குறுவட்டமும் மாவட்டமும் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் தோளோடு தோள் இடிக்கின்றன. நானே பதினொன்றாம் வகுப்பில் ராத்திரி ஒரு மணி வரை வேதியியல் படித்துவிட்டு மறுநாள் நீளம் தாண்டப் போய், பலகைக்கு முன்னாலேயே மடங்கி விழுந்தவன். ‘கவனமில்லாத பயல்’ என்றார் அன்றைய மாஸ்டர். கவனம் இல்லைதான். எங்கே போயிற்று என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் தூக்கத்தைத் தள்ளிப்போடும். தூக்கம் குறைந்தால் மறுநாள் அதே பதற்றம் கூடும். வளர்ச்சி ஹார்மோனின் பெரும் பங்கு ஆழ்ந்த தூக்கத்தில்தான் வெளிப்படுகிறது. தசை தன்னைத் தைத்துக்கொள்ளும் நேரம் அது. பருவ வயதில் உடம்புக் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்கு நகர்கிறது. பத்து மணிக்குப் படுத்துத் தூக்கம் வராத பதினைந்து வயதுக்காரிக்குத் திமிர் என்று பெயர் வைப்பது அநியாயம். போனும் காரணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். பழி முழுவதையும் அதன் தலையில் போட்டால் நமக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

லைனில் நடுச்சுவர் ஒன்றுதான். பக்கத்து வீட்டு டிவி இவர்களுக்கும் ஓடும், பக்கத்து வீட்டுச் சண்டையும். இன்னொரு விருந்தாளியும் உண்டு. 2022 நவம்பரில் தேவாலா வாழவயலில் யானை வீட்டை இடித்ததில் ஒரு பெண் இறந்தார். அரிசி தேடி வீடு வீடாக இடித்த அந்த மக்னாவுக்கு (தந்தமில்லாத ஆண் யானை) வனத்துறை வைத்த பெயர் பி.எம்.2. டிசம்பர் 8-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து முதுமலையில் விட்டார்கள். ஜனவரியில் அது கேரளத்து சுல்தான் பத்தேரி வரை நடந்துபோய் அங்கே மறுபடி பிடிபட்டது. அந்த வாரங்களில் இந்தப் பக்கத்தில் யார் தூங்கினார்கள்? தகரத் தட்டும் டார்ச்சும் கையுமாக ஒருவர் விழித்தால் லைன் முழுக்க விழிக்கும். மறுநாள் காலை அதே ஐந்து மணி, அதே ஸ்பெஷல் கிளாஸ்.

தேயிலை ஊரில் தேநீரை எழுதாமல் விட்டால் கணக்கு குறை. ஒரு கிளாஸ் டீயில் சுமார் 40 மில்லிகிராம் கஃபீன். பிள்ளைகளுக்கு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். 45 கிலோவுக்கு 135. காலை, சாயங்காலம், படிக்க உட்காரும்போது ஒரு கட்டன் சாயா என்று மூன்று கிளாஸ் போட்டால் 120. அளவுக்குள்தான். சிக்கல் மூன்றாவது கிளாஸின் நேரத்தில். கஃபீன் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்; ஒன்பது மணிக்குக் குடித்த 40, ராத்திரி இரண்டு மணிக்கும் 20-ஆக உள்ளே நிற்கும்.

மாவட்டப் போட்டி ஊட்டியில் என்றால் அது தனிப் பக்கம். தேவாலாவிலிருந்து 65 கிலோமீட்டருக்குக் குறையாது, கூடலூர் தாண்டினால் முழுக்க ஏற்றம். ஆயிரம் மீட்டர் உயரத்து ஊரிலிருந்து 2,240 மீட்டருக்கு. காலை எட்டு மணிக்கு எச்.ஏ.டி.பி. மைதானத்தில் நிற்க, நாலு மணிக்கு முன்பே வண்டி ஏற வேண்டும். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் உடம்பு இழுக்கும் அதிகபட்ச ஆக்சிஜன் சுமார் ஒரு சதவீதம் குறையும் என்பது பயிற்சியாளர்களின் வாய்க் கணக்கு. ஊட்டியில் 7 சதவீதம் போகிறது. முன்னிரவுத் தூக்கம் மூன்றரை மணி நேரம், வளைவு வளைவாக வாந்தி, பிறகு 800 மீட்டர். ஊட்டிப் பிள்ளை வீட்டிலிருந்து நடந்து வருகிறாள். முந்தின நாளே கூட்டிப்போய்த் தங்கவைக்க முடிகிற பள்ளி கூட்டிப்போகிறது, முடியாதது விடிய விடியக் கிளம்புகிறது. 283 ஆஸ்திரேலிய வீரர்களில் 64 சதவீதம் பேரே ஒரு தடவையாவது முக்கியப் போட்டிக்கு முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு இரவு யாருக்கும் கெடும். அதற்கு முந்தைய வாரம் கையிருப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. நம் பக்கத்தில் இல்லை.

நாலு மணிக்கு எழுகிறவன்தான் வீரன் என்ற பேச்சு எனக்கு ஒத்துவராது. ஒன்பதுக்குப் படுக்கிறவன் நாலரைக்கு எழட்டும். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2019-ல் சட்டம் போட்டு 2022 ஜூலையில் அமலாக்கினார்கள். நம் பள்ளி மணி ஒன்பதரைக்குத்தான் அடிக்கிறது. சட்டமே இல்லாமல் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை ஸ்பெஷல் கிளாஸ் என்று நாமே தின்றுவிட்டோம்.

இனி வரவு தேடலாம். ஓடும் பிள்ளைக்கு வாரம் மூன்று நாள் ஸ்பெஷல் கிளாஸிலிருந்து விலக்கு, அடுத்த பஸ்ஸில் வரட்டும்: 180 நிமிடம். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் பள்ளி ஒரு அறையைத் திறந்துவைத்தால் இருபது நிமிடப் படிப்பு அங்கேயே முடியும், ராத்திரி அந்த இருபது தூக்கத்துக்கு: ஆறு நாளுக்கு 120. கடைசி டீ நாலரையோடு நிறுத்தி, போன் அம்மா தலைமாட்டுக்குப் போனால் அந்த 40-இல் 25 மீளும்: 150. மொத்தம் 450. மதியம் மேஜையில் தலைவைத்து இருபது நிமிடம் கண்ணயர விட்டால் அது கைச்செலவுக்கு, கணக்கில் சேர்க்கவில்லை.

690-இல் 450 போக 240 நிமிடம் நிற்கிறது. வாரத்துக்கு நாலு மணி நேரம். பிள்ளை பெயரில் அதை எழுத மனசு வரவில்லை. பஸ், குழாய், யானை என்று மூன்று வரி போட்டுப் பாக்கி என்று எழுதி வைத்திருக்கிறேன்.